சோம்பு போடாத ரொட்டி

எங்கள் ஊரில் ரொட்டியைப் பசிக்கு வாங்க மாட்டார்கள், காய்ச்சலுக்கு வாங்குவார்கள். கூடைக்காரர் ஒரு வீட்டு வாசலில் ரொட்டிக் கூடையை இறக்கினால், எதிர்வீட்டுக்காரி தலையை நீட்டி, "உங்க வூட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்றுதான் கேட்பாள். நான் சொல்வது ஆம்பூரில், வெள்ளைக்காரன் காலத்தில். சோறு இறங்காதவர்களுக்கும், நாக்கு கசந்தவர்களுக்கும், பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவர்களுக்கும் ரொட்டி. பாலிலோ காப்பியிலோ நனைத்துக் கொடுப்பார்கள். உடம்பு தேறியதும் மிச்சத்தை ஆட்டுக்குப் போட்டுவிடுவார்கள். நோயாளியின் ரொட்டியை வீட்டில் வேறு யாரும் தொடுவதில்லை. தொட்டால் அந்த நோய் தம்மேல் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பயம். பயம் இல்லாவிட்டாலும் ஆசைப்பட அதில் என்ன இருந்தது? துவைத்த துணியை மென்ற மாதிரி இருக்கும்.

அந்த ரொட்டியைச் சுட்டு விற்கும் வீட்டுக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டு வந்தேன். மழை விட்டுக் கொசு கிளம்பினால் எங்கள் அடுப்பு நன்றாக எரியும். "ஊரு படுத்தாத்தான் நம்ம வூட்ல சோறுன்னு ஆண்டவர் எழுதி வச்சிட்டாரு" என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்பேன்.

அவர் வேலூரில் துரைமார்களுக்கு ரொட்டி சுட்ட ஒருவரிடம் தொழில் கற்றவர். மைதா பட்டணத்திலிருந்து ரயிலில் மூட்டையாக வரும். பொங்கி வருவதற்குக் கள் ஊற்றிப் பிசைந்து, ஈரத் துணி போட்டு மூடி வைப்பார். கள் குடிப்பது பாவம் என்று பிரசங்கம் செய்த போதகரும், வயிறு சரியில்லாத நாளில் எங்கள் ரொட்டியைத்தான் நனைத்துச் சாப்பிட்டார். இதை நான் சொல்லிச் சிரித்தால் மாமியாருக்கு முகம் சுண்டிப்போகும். என்னோடு சேர்ந்து சிரிக்க அந்த வீட்டில் இருந்தவள் ஒருத்திதான். என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை.

நான் கல்யாணமாகி வந்தபோது அவள் தாவணி போட்ட பெண். வந்த அன்றே என் தோளில் மூக்கை வைத்து மோந்து பார்த்து, "இன்னும் நாலு நாள்தான் அண்ணி, அப்புறம் உங்க மேலயும் கள்ளு வாசனை வந்துடும்" என்றாள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அவள் வந்து அந்த இடத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டாள். ஒரே பாயில் படுத்தோம், ஒரே சீப்பில் தலை வாரினோம், ஒருத்தி மேல் ஒருத்தி மாமியாரிடம் கோள் சொல்லிக்கொண்டோம்.  

அவளைப் பாலாற்றுக்கு அக்கரையில், தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தோம். நல்ல மனிதர்கள். மாமனாரும், புருஷனும், இரண்டு கொழுந்தன்களும் தோல் வேலைதான். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைத் தூக்கிப் போட்டு மயிர் சுரண்டுகிறவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை வீட்டுக்கு வந்தவள், "இந்த வூட்ல கள்ளு வாசனை, அந்த வூட்ல தோல் வாசனை. மல்லிப்பூ வாசனை என் தலைல எழுதல அண்ணி" என்றாள். திரும்பிப் போகும்போது மாமியார் ஒரு தூக்கு நிறைய முறுக்கு கொடுத்து அனுப்பினார். அடுத்த தடவை வந்தபோது, "முறுக்கு எப்டி இருந்துச்சு?" என்று கேட்டேன். "எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னாங்க. எனக்குத் தூக்கு கழுவற வேலைதான் மிச்சம்" என்று சிரித்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. தாய்வீட்டிலிருந்து வருகிற பலகாரத்தை மருமகள் முதலில் மாமியார் கையில் கொடுக்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் பங்கு போட வேண்டும். தனியாக எடுத்து வைத்துத் தின்றாள் என்ற பேர் ஒரு தடவை வந்தால் அது கிழவியாகும்வரை போகாது. நானும் அப்படித்தான் முறுக்கைப் பங்கு போட்டவள். அதில் வருத்தப்பட ஒன்றும் இருப்பதாக அப்போது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. அதற்குப் பிறகுதான் அவள் வாடத் தொடங்கினாள். உதடு வெளுத்தது. கால் வீங்கியது, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். குழந்தை மாரில் வாய் வைத்துச் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் வீறிட்டு அழும். இவளும் கூடச் சேர்ந்து அழுவாள்.

ரயிலேற்றி வேலூருக்குக் கூட்டிப்போனோம். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, தமிழ்ப் பெண்தான், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "இன்னா சாப்பாடு குடுக்கறீங்க?" என்று கேட்டார். மிளகு ரசம், சோறு, பாலில் நனைத்த ரொட்டி என்று மாமியார் பெருமையாகச் சொன்னார். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பருப்பு குடுங்க. கடலை குடுங்க. கீரை குடுங்க. வெறும் வெள்ளை ரொட்டியில இன்னா இருக்குது? இந்தப் பொண்ணுக்கு ஒடம்புல ஒண்ணுமே இல்லம்மா. இப்டியே வுட்டா ஒரு காய்ச்சல் வந்தாக்கூடத் தாங்காது" என்றார்.

 திரும்பி வந்து வீட்டுப் படி ஏறியதுமே மாமியார் ஆரம்பித்தார். "அந்த டாக்டரம்மாவுக்குக் கல்யாணமாச்சா? ஆவல இல்ல? அப்ப அவங்களுக்கு மாந்தத்தப் பத்தி இன்னா தெரியும்? பச்ச ஒடம்புக்காரிக்குப் பருப்பப் போட்டா அவளுக்கு வாயு, கொழந்தைக்கு மாந்தம். என் வூட்ல அது நடக்காது." அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பால் செரிக்காமல் வயிறு ஊதி, மாந்தத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். பால் கொடுக்கிறவளுக்குப் பருப்பு ஆகாது என்பதைப் மகளையும் பேத்தியையும் காக்கத்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவளுக்கு ரொட்டியைப் பாலில் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பத்தியத்தில் தடையில்லாத ஒரே சாப்பாடு இது. மாமியார் எட்டிக்கூடப் பார்க்காமல் கொடுக்கச் சொல்லும் சாப்பாடு. கடலையை இதற்குள்ளேயே வைத்துவிட்டால்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மைதால கடலை மாவா? பொங்காது" என்றார். "உங்க தங்கச்சி பொழைக்கணுமா வேணாமா?" என்று கேட்டேன். உடனே அவர் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கடைத்தெருவில் கடலை வறுத்து விற்கும் பாயிடம் பொட்டுக்கடலை வாங்கி வந்தார். நான் திருகையில் போட்டு அரைத்தேன். பாதி மைதா, பாதி கடலை மாவு என்று ஆசையாகப் பிசைந்து முதல் ரொட்டியைச் சுட்டார். வெளியே எடுத்தபோது அடுப்புச் செங்கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. "இத்த வச்சிச் சுவரு எழுப்பலாம்" என்றார். நான் அழுதேன், அவர் சிரித்தார், அப்புறம் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விடவில்லை. மாவை வேட்டித் துணியில் சலித்துப் பூப்போல ஆக்கினேன். கடலை மாவைக் குறைத்து, நாலு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு என்று வைத்தோம். அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதைக் கண்டுபிடித்துத் தண்ணீரைக் கூட்டினார். கள்ளையும் கொஞ்சம் ஜாஸ்தியாக ஊற்றி, இன்னும் கொஞ்ச நேரம் பொங்க விட்டார். சீக்கிரம் பொங்குவதற்கென்று துளி வெல்லம். கடைசியில் ரொட்டி ரொட்டியாக வந்தது. ஆனால் வாசனை காட்டிக்கொடுத்தது. பிட்டால் கடலை மணந்தது. மாமியாரின் மூக்கை ஏமாற்ற நான் சோம்பை இடித்துப் போட்டேன்.

அந்தச் சோம்பைப் போட்ட கையைத்தான் பிறகு எத்தனையோ நாள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

மாமியார் மோந்து பார்த்துவிட்டு, "சோம்பு போட்டீங்களா? நல்லது, வாயு அடங்கும்" என்று பாராட்டினார். நாத்தனாரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்த சிரிப்பு அது. தினமும் ஒரு தகர அச்சு அவளுக்கென்று தனியாக அடுப்பில் ஏறியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசித் துண்டுவரை தின்ன வைத்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். கால் வீக்கம் வடிந்தது. உதட்டில் இரத்தம் தெரிந்தது. ஒரு நாள் குழந்தை பால் குடித்துக்கொண்டே தூங்கிப்போனது. வாயோரத்தில் பால் வழிந்திருந்தது. அதைப் பார்க்க என்னைக் கைதட்டிக் கூப்பிட்டாள். குழந்தைக்கு மாந்தமும் வரவில்லை, மண்ணாங்கட்டியும் வரவில்லை. நான் தெருவில் நடந்தால் கால் தரையில் படாத அளவுக்கு எனக்குக் கர்வம்.

தேறியவளைப் பிறகு வீட்டில் வைத்திருக்க முடியுமா? அக்கரையிலிருந்து வந்து அழைத்துப் போனார்கள். கிளம்பும்போது அவளைச் சமையலறைக்குள் இழுத்துச் சொன்னேன்: "தெனம் ரொட்டி அனுப்பறேன். உள்ள கடலை இருக்குதுன்னு அங்க மூச்சு வுடாத. கொழந்தைக்குப் பால் குடுக்கறவளுக்கு ஆவாதுன்னு உங்க மாமியாரும் நிறுத்திடுவாங்க. நீ பாட்டுக்குத் துன்னு." அவள் என் கன்னத்தைக் கிள்ளி, "சரிங்க டாக்டரம்மா" என்றாள்.

கூடைக்காரர் அக்கரைக்கு ரொட்டி கொண்டுபோகும் ஆள்தான். ஆற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது, மணலில் நடந்தே போய்விடுவார். தினமும் அவளுடைய ரொட்டியைத் தனியாகத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். நாத்தனாரைக் கொடுத்த வீட்டுக்கு நினைத்தபோதெல்லாம் போய் நிற்க முடியாது. காரணம் வேண்டும், கையில் சீர் வேண்டும். அதனால் கூடைக்காரர் கொண்டுவரும் சேதிதான் எனக்கு எல்லாம். ரொட்டி ரொம்ப நன்றாக இருக்கிறதாம் என்பார். அந்த வீட்டில் மெச்சாத ஆளில்லை என்பார். ஒரு நாள், "கொஞ்சம் பெரிசா அனுப்ப முடியுமான்னு உங்க நாத்தனாரு கேட்டாங்கம்மா" என்றார். எனக்கும் வீட்டுக்காரருக்கும் தலைகால் புரியவில்லை. "பசி எடுக்குது பாத்தியா, ஒடம்பு புடிக்குது" என்று அவர் அச்சையே மாற்றிப் பெரியதாகச் சுட்டார். கடலை மாவையும் ஒரு பிடி கூட்டினார்.

கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் அவளைப் பார்த்தேன். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. இவளுக்குத் தோள் எலும்பு ரவிக்கைக்கு மேலே எழும்பி நின்றது. பாட்டு நடந்துகொண்டிருந்தபோதே, "ரொட்டி துன்றியா இல்லயா?" என்று காதில் கேட்டேன். "துன்னாம? கொழந்த ராவெல்லாம் தூங்க வுட மாட்டேங்குது அண்ணி, அதான் மூஞ்சி இப்டி" என்று சொல்லிவிட்டு என்னைவிடச் சத்தமாகப் பாடினாள். அவள் என்னிடம் பொய் சொன்னதேயில்லை. அதனால் நான் நம்பினேன்.

அடுத்த மழைக்கு ஊரெல்லாம் காய்ச்சல். எங்கள் அடுப்பு நன்றாக எரிந்தது. அக்கரை வீட்டிலும் எல்லாருக்கும் வந்தது, எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அவள் மட்டும் எழவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேச்சு நின்றுபோயிருந்தது. பார்க்க வந்த டாக்டர், "சாதாரணக் காய்ச்சல்தான். தாங்கறதுக்கு ஒடம்புல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவர் பின்னாலேயே வாசல்வரை ஓடினேன். தினமும் கடலை ரொட்டி தின்றவள், ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்லலாம் என்று சண்டை போடப் போனேன். அவர் வண்டியில் ஏறிவிட்டார். அன்றைக்கே அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த பிறகு குழந்தையை வாங்கிவர நானும் வீட்டுக்காரரும் மறுபடி போனோம். நாத்தனாரின் மாமனார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பொய்யான அழுகை அல்ல; அவளைத் தன் மகள் போலத்தான் வைத்திருந்தார்.

"உங்க ரொட்டிய எப்டிம்மா மறப்பேன்?" என்றார். "எனக்குப் பல்லு இல்ல. காத்தால அவ கையால ரெண்டு துண்டு குடுப்பா. அத்த துன்னுட்டுப் போனா சாயங்காலம் வரைக்கும் தெம்பா வேலை செய்வேன். பசங்களுக்கும் அதான். கூடைக்காரரு வந்ததும் இவ துண்டு போட்டு எல்லாருக்கும் வச்சிடுவா."

"அவ?" என்று கேட்டேன்.

"நானும் சொல்லுவேன், நீயும் துன்னும்மான்னு. 'எங்க வூட்ல இத்த துன்னு துன்னு சலிச்சிப் போச்சு மாமா, நீங்க துன்னுங்க'ன்னு சிரிப்பா."

அடுக்களையிலிருந்து அவளுடைய மாமியார் வந்து, "வந்தத வந்த கையோட பங்கு போட்டுடுவா. அப்டி ஒரு நல்ல மனசு" என்று மூக்கைச் சிந்தினார்.

நான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தின்போது ஒட்டிக் கிடந்த கன்னம் நிரம்பியிருந்தது. கதவருகே நின்ற கொழுந்தன்களின் தோள் அகன்றிருந்தது. என் கடலை எங்கே போனது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்த வீட்டைக் கொளுத்தியிருப்பேன். ஆனால் யாரைக் கோபிப்பது? அவர்கள் திருடவில்லை. வெறும் வெள்ளை ரொட்டியாக இருந்திருந்தால் அந்த வீட்டில் ஒருவர் தொட்டிருக்க மாட்டார்கள். நோயாளிக்கு வந்தது என்று அவள் பக்கத்திலேயே கிடந்திருக்கும். நாங்கள் வெல்லம் போட்டு, சோம்பு போட்டு, அதைப் பலகாரமாக்கி அனுப்பிவிட்டோம். தாய்வீட்டிலிருந்து வந்த பலகாரத்தை அவள் எப்படித் தனியாகத் தின்பாள்? மருந்து என்று வாய்விட்டுச் சொல்லவும் அவளால் முடியாது. சொன்னால் கடலை வெளியே வந்துவிடும். பெரியதாக அனுப்பச் சொன்னாளே, அது பங்கு போதவில்லை என்பதற்காக.

என் வீட்டுக்காரர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்று மணலில் எனக்கு முன்னால் நடந்தார். வீடு வந்ததும் நான் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொட்டியில் கடலை இருந்ததையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "எங்கிட்ட சொல்லியிருந்தா, இது அவளுக்கு மருந்து, யாரும் தொடாதீங்கன்னு நானே போய்ச் சொல்லியிருப்பேனே" என்றார். சொல்லியிருப்பாரா, அல்லது அன்றைக்கே நிறுத்தியிருப்பாரா, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

அதோடு கடலை ரொட்டி நின்றது. என் வீட்டுக்காரர் திருகையைச் சாக்கில் சுற்றி மூலையில் போட்டார். பழையபடி வெள்ளை ரொட்டி. பழையபடி ஊர் படுத்தால் எங்களுக்குச் சோறு.

குழந்தை எங்களிடம் நடக்கக் கற்றுக்கொண்ட வருஷம், அக்கரையிலிருந்தே ஒரு அம்மாள் எங்கள் கடைக்கு வந்தார். மருமகள் பிள்ளை பெற்றிருக்கிறாளாம். எழுந்தால் தலை சுற்றுகிறதாம், கால் வீங்கியிருக்கிறதாம். "முன்ன நீங்க ஒரு ரொட்டி சுடுவீங்களாமே, அத்த துன்னா ஒடம்பு புடிக்கும்னு உங்க நாத்தனாரு வூட்டுக்காரங்க சொன்னாங்க" என்றார். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதெல்லாம் இப்போது கிடையாது என்று சொல்ல வாயெடுத்தார். நான், "நாளைக்கு வாங்கம்மா, தர்றோம்" என்றேன்.

திருகையை மூலையிலிருந்து நானே உருட்டிக்கொண்டு வந்தேன். கடலை அரைத்தேன், சலித்தேன். பிசைய உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரரின் கை பழக்கத்தில் சோம்பு டப்பாவைத் தேடியது. நான் அதை எடுத்து மேலே வைத்தேன்.

"வெல்லமும் வேணாம்" என்றேன். "உப்பக்கூடக் கம்மி பண்ணுங்க. வாய்ல வச்சா துப்பணும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு பிசைந்தார். கண்ணீர் மாவில் விழுந்துவிடாமல் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பிசைந்தார்.

அந்த அம்மாள் தினமும் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் போல ஆனதும் அவரே நேரில் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

"இன்னாம்மா ரொட்டி சுடறீங்க? ஊரெல்லாம் அப்டிப் புகழ்ந்தாங்க! வாயில வைக்க முடியல. எங்க வூட்ல ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்க. பாவம், அந்தப் பொண்ணு ஒருத்திதான் முழுசையும் துன்னு தீக்கறா."

"கால் வீக்கம்?" என்று கேட்டேன்.

"அது வடிஞ்சிடுச்சு" என்றார்.

நாளைக்கும் அதே ரொட்டிதான் என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, என் நாத்தனார் செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதேன்.